கொட்டுக்காரரின் சம்மதம்: திண்டுக்கல் சமவெளியில் சாவு வீட்டு இசை

நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ ஒரு பெரியவர் கண்ணை மூடினால், உறவுக்குச் சொல்லிவிடுவதும் கொட்டுக்குச் சொல்லிவிடுவதும் ஒரே மூச்சில் நடக்கும். பந்தல்காரர், ஐஸ் பெட்டிக்காரர், பூக்காரர் எல்லாம் அதற்கடுத்துத்தான். இறந்தவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. தன் இறுதிச் சடங்கில் ஒலிக்க வேண்டிய பாடல்களை உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்கும் வழக்கம் மேற்கு நாடுகளில் உண்டு. அங்கே இசை இறந்தவரின் ரசனையைச் சொல்கிறது. திண்டுக்கல் சமவெளியில் அது வேறு கணக்குகளைச் சொல்லும்: செத்தவரின் வயது என்ன, பேரன் பேத்தி எடுத்தவரா, தாய்மாமன் வீட்டார் வந்துவிட்டார்களா, ஊரில் அந்தக் குடும்பத்துக்கு என்ன இடம்.

இந்தக் கணக்குகளில் நெடுங்காலம் சேராமல் போனவர் ஒருவர் உண்டு: வாசிக்கிறவர். அவருக்கு வர விருப்பமா, என்ன கூலி, எங்கே உட்காருவார், எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுவார் என்பதெல்லாம் ஊர் முன்பே முடிவு செய்துவைத்த விஷயங்கள். இந்த வட்டாரத்தில் சாவு இசை வழக்கம் என்ற நிலையிலிருந்து தேர்வு என்ற நிலைக்கு நகர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் தலையாயது, கொட்டுக்காரர் வர மாட்டேன் என்று சொல்லத் தொடங்கியது. இசைக்கிறவருக்கு மறுக்க வழியில்லாத இடத்தில் கேட்கிறவர் செய்வதைத் தேர்வு என்று சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒலிக்கும் இடங்கள்

கேத வீட்டில் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டுக்குள்ளும் பந்தலின் நடுவிலும் பெண்களின் ஒப்பாரி. பந்தலுக்கு வெளியே, தெருவோரம், ஆண்களின் கொட்டு, அதாவது பறை. பாடை கிளம்பிய பின் சாலையில் சங்கும் சேகண்டியும். ஒப்பாரி பாடும் பெண்கள் பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். கொட்டு சுடுகாட்டு வாசல்வரை போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும், வீட்டுக்கும் தெருவுக்கும், உறவுக்கும் ஊழியத்துக்கும் இடையே உள்ள கோடுகள் இந்த ஒலி எல்லைகளில் துல்லியமாகத் தெரியும்.

கொட்டுக்கு அங்கே திட்டவட்டமான வேலைகள் இருக்கின்றன. வெளியூர் உறவு தெருமுனையில் வந்து இறங்கினால் கொட்டுக்காரர்கள் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். வந்தவர்கள் பணம் கொடுப்பார்கள். நீர்மாலை எடுக்கப் போகும்போது ஓர் அடி, கோடி போடும்போது ஓர் அடி, தூக்கும்போது ஓர் அடி. வாசிக்கும் அடி மாறியதை வைத்தே, பந்தலுக்கு வெளியே நிற்பவர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும். சாவடி, ஒத்தையடி, பாடம் அடி, மாரடிப்பு அடி, தெம்மாங்கு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி என்று பறைக் கலைஞர்களிடம் வழங்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே, சாவு அந்தப் பட்டியலில் ஒரு பகுதிதான் என்பது விளங்கும். மாட்டுத் தோல் இழுத்துக் கட்டிய வளையத்தை நெருப்பில் காய்ச்சி ஒலியைக் கூட்டி, ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சியும் மறு கையில் குட்டைக் குச்சியும் பிடித்து, கால் அடவோடு சேர்த்து வாசிக்கும் கலை இது. பயிற்சி இல்லாமல் யாரும் இதை வாசித்துவிட முடியாது. ஆனாலும் ஊர் இதைக் கலையாகப் பார்த்ததில்லை, பிறப்பால் வரும் வேலையாகவே பார்த்தது.

எல்லாச் சாவுக்கும் கொட்டு இல்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும்படி வாழ்ந்து முடித்தவரின் சாவு கல்யாணச் சாவு. அதற்குக் கொட்டு, வேட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. கல்யாணம் ஆகாத பிள்ளையோ விபத்தில் போன இளைஞரோ என்றால் பல குடும்பங்கள் கொட்டு வைப்பதில்லை, வைத்தாலும் பேருக்குத்தான். இந்த வட்டாரத்தில் கணிசமாக வாழும் இராஜகம்பளத்து நாயக்கர்களுக்குத் தேவதுந்துபி தனி மரபு. தேவராட்டத்துக்கு வாசிக்கும் அதே கருவி பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு என்று வாழ்க்கை முழுவதும் கூட வரும். நல்லதுக்கு ஒரு வாத்தியம், கெட்டதுக்கு ஒரு வாத்தியம் என்ற பிரிவினை எல்லாச் சமூகத்துக்கும் பொது இல்லை என்பதற்கு இது உள்ளூர்ச் சான்று. வேறு பல வீடுகளிலோ நாகசுரம் மங்கல வாத்தியம் என்பதால் சாவு வாசலை மிதிக்காது. அந்த வீடுகளைப் பொறுத்தவரை பறை சாவு வாசலுக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கப்பட்டது.

பழம் பாடல்களின் காது

சாவுக்குக் கொட்டும் வழக்கத்துக்கு எழுத்துச் சான்று மிகப் பழையது. பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடல் (194) ஒரு வீட்டில் சாவுப் பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டு, இப்படி உலகைப் படைத்தவனைக் கடிந்துகொள்கிறது. மணத்துக்குக் கொட்டிய பறையே அன்றைக்கே பிணத்துக்கும் கொட்டும்படி ஆகலாம் என்று நாலடியார் எச்சரிக்கிறது. அடுத்த பாட்டில் அது இன்னும் நுட்பமாகிறது: விட்டு விட்டுக் கொட்டும் சாவுப் பறை மூன்றாம் கொட்டை எட்டுவதற்குள் பிணத்தை எடுத்துப் புறப்பட்டுவிடுவார்கள் என்று சடங்கின் நேர ஒழுங்கையே பதிவு செய்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலும் நெய்தல் பறை ஒலிக்கிறது. அடியை வைத்துச் சடங்கின் கட்டத்தை அறியும் இன்றைய பழக்கத்துக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது.

ஆனால் இவை அனைத்தும் கேட்பவரின் காதிலிருந்து எழுதப்பட்ட பாடல்கள். நிலையாமையைச் சொல்லப் பறையின் ஓசை உதவுகிறது; கொட்டுகிறவர் அந்த இரவில் என்ன நினைத்தார் என்பது பாட்டுக்குள் வரவில்லை. தத்துவம் சொல்ல வந்த பாட்டில் அதைத் தேடுவது நியாயமில்லைதான். ஆனாலும் பின்னாளில் சாவு இசையைப் பற்றிப் பேசிய பெரும்பாலானவர்கள் இதே இடத்தில் நின்றுதான் பேசினார்கள்.

ஒப்பாரி: பாடுகிறவளின் வழக்கு

கேத வீட்டில் பாடுகிறவரே தேர்ந்தெடுக்கும் இசை ஒன்று உண்டென்றால் அது ஒப்பாரி. எதைப் பாடுவது, எங்கே நிறுத்துவது, யாரைக் குத்துவது என்பது பாடும் பெண்ணின் கையில் இருக்கிறது. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலில், ஒப்பாரி பாடும் பெண்கள் இறந்தவருக்காக மட்டும் அழவில்லை என்று விளக்குகிறார். பிறந்த வீடு கைவிட்டது, அண்ணன் சீர் செய்யாதது, புகுந்த வீட்டில் பட்டது எல்லாம் அந்த மெட்டில் வெளியே வரும். மற்ற நாளில் சபையில் சொல்ல முடியாத வழக்கை, சாவு வீட்டில் பாட்டாகச் சொன்னால் யாரும் வாயை மூடு என்று சொல்ல முடியாது. திண்டுக்கல் பக்கத்திலும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு மாரடித்துப் பாடும் பெண்களின் வரிகளைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

கடந்த சில பத்தாண்டுகளில் ஒப்பாரியின் இடம் மாறியிருக்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போன பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க ஐஸ் பெட்டி வழிசெய்தது. முன்பு அந்திக்குள் முடிந்த காரியம் இப்போது ஓர் இரவு, சில வேளை இரண்டு இரவு நீள்கிறது. அந்த இரவை நிரப்ப ஒலி தேவைப்படுகிறது. உறவுப் பெண்களுக்குத் தெரிந்த நாலு வரி போதவில்லை. பாடத் தெரிந்த பெரியவர்களும் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் கூலிக்கு வரும் ஒப்பாரிக் குழுக்கள் வந்தன. ஒலிவாங்கி, கீபோர்டு, தாளக் கருவியோடு வரும் இக்குழுவினர் இறந்தவரின் பெயர், மக்கள் பெயர், பேரன்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு பாட்டில் கோத்துவிடுவார்கள். ஆண் கலைஞர் பெண் வேடமிட்டுப் பாடுவதும் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனாலும் கேத வீட்டுக்குள் போய் அதை எடுத்துச் சொல்ல அக்கம்பக்கத்தார் தயங்குவார்கள்.

இதைப் போலி அழுகை என்று தள்ளுவது எளிது. ஆனால் குழு பாடத் தொடங்கியதும் அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மகள் உடைந்து அழுவதும் அதே பந்தலில்தான் நடக்கிறது. அழத் தெரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு அழ ஒரு வழியை இந்தத் தொழில் கொடுக்கிறது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுப் பெண்ணின் வழக்கு ஒலிபெருக்கியின் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. மகளின் பெயர் பாட்டில் வரும். மகளுடைய மனக்குறை வராது.

வர மாட்டேன் என்ற சொல்

2011 கணக்கெடுப்பில் 21.6 லட்சம் மக்கள்தொகை கொண்ட திண்டுக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பறையரும் அருந்ததியரும் சாவுக்குக் கொட்டுவதை ஊர் ஊழியமாகச் செய்துவந்தார்கள். களத்துமேட்டில் அளக்கும் தானியமும் சாவு வீட்டில் கிடைக்கும் சில்லறையும் அதற்குக் கூலி. ஊர்ப் பெரிய வீட்டுச் சாவென்றால் உடம்புக்கு முடியாவிட்டாலும் போயாக வேண்டும். மறுபக்கம், அதே மக்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு விரும்பிய இசையை வைத்துக்கொள்ள முடியாது. அண்டை இராமநாதபுரம் சீமையில் 1930-31இல் ஆதிக்க சாதியார் விதித்த தடைகளை மானுடவியலாளர் ஜே.எச்.ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். உடை, நகை, படிப்பு ஆகியவற்றோடு, மேளம் முதலிய இசை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறர் சாவுக்கு இசைப்பது கட்டாயம், தன் மகிழ்ச்சிக்கு இசை வைப்பது குற்றம் என்ற இரட்டை விதி அப்படி இயங்கியது.

சட்டம் மெதுவாகத்தான் இந்த வாசலுக்கு வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தப்பட்டபோது, செத்த மாட்டை அகற்றுவது, தோலுரிப்பது போன்ற வேலைகளையும் அவற்றை ஒத்த பிற வேலைகளையும் தீண்டாமையின் பெயரால் கட்டாயப்படுத்துவது குற்றமானது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய ஊழியத்தைத் தண்டனைக்குரியதாக்கியது. 2015இல் வந்த திருத்தம் பிணம் சுமக்கச் செய்வதையும் குழி தோண்டச் செய்வதையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சாவுக்குக் கொட்டச் செய்வதை அது தனியாகப் பெயர் சொல்லவில்லை. ஆனால் கட்டாய ஊழியம் என்ற தலைப்பின் கீழ் அதுவும் வரும். சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தவை வேறு: மில் வேலை, கட்டட வேலை, பள்ளிக்கூடம், பேருந்து. ஊர்க் கூலியை நம்பி இருக்க வேண்டியதில்லை என்று ஆன வீட்டிலிருந்துதான் வர மாட்டேன் என்ற சொல் முதலில் வந்தது. அந்தச் சொல்லுக்காகத் தமிழகத்தில் அடி வாங்கியவர்கள் உண்டு, ஊர்விலக்குக்கு ஆளானவர்கள் உண்டு.

மறுப்பு அத்தோடு நிற்கவில்லை. மானுடவியலாளர் சி.ஜோ.அருண் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இழிவின் அடையாளமாகக் கீழே வைக்கப்பட்ட பறை பின்னர் சுயமரியாதையின் அடையாளமாகக் கையில் எடுக்கப்பட்ட பாதையை விவரிக்கிறது. அந்தப் பாதையில் திண்டுக்கல்லுக்கு முக்கிய இடம் உண்டு. அருட்சகோதரி சந்திராவின் முயற்சியில் இங்கே வேரூன்றிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், 1990களின் தொடக்கத்திலிருந்து தலித் குடும்பத்து இளம் பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து மேடையேற்றியது. ஆண்கள் மட்டும், அதுவும் பெரும்பாலும் சாவுக்கு என்றிருந்த கருவியைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு அடவு போட்டு ஆடியபோது இரண்டு வழக்கங்கள் சேர்ந்து உடைந்தன. அமெரிக்க இசையியலாளர் ஜோய் ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். திண்டுக்கல் எல்லையைத் தாண்டியதும் வரும் அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பல தலைமுறை வாசிப்பாளர்களுக்குக் கிடைக்காத மரியாதை அவர்வழி அந்தக் கருவிக்கு வந்தது.

இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. மேடையில் பறை வாசிக்கும் குழுக்களில் பல சாவுக்கு வருவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கின்றன. அது நியாயமான முடிவு. ஆனால் சாவுக்குக் கொட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அடிகளின் நுட்பமும் சடங்கின் வரிசையும் அவர்கள் கையில்தான் தங்கியிருக்கின்றன. மேடைக்குப் போன பறைக்குச் சால்வை, தெருவில் நிற்கும் பறைக்குச் சில்லறை என்று பிரிந்துவிட்டால், கருவிக்கு விடுதலை கிடைத்து மனிதருக்குக் கிடைக்காமல் போகும். சாவுக்கு வாசிப்பதில் இழிவில்லை. மறுக்க முடியாமல் வாசிக்க வைப்பதில்தான் இழிவு இருந்தது.

கோயில் மணியும் ஜமாத்தின் அமைதியும்

இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களின் இசைத் தேர்வு வேறு வழியில் போனது. அமெரிக்க மதுரை மிஷன் 1835இலேயே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் மிகுதி. ஐரோப்பிய மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுக்கு மாற்றாக ராக தாளத்தோடு அமைந்த கீர்த்தனை வந்தது. சவப்பெட்டியின் முன்னால் நிற்கும் சபைக்கு அன்றிலிருந்து இரண்டு நூல்கள். இரண்டிலும் பறைக்கும் ஒப்பாரி மெட்டுக்கும் இடமில்லை. உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்ற ஊர்க் கணக்கு கோயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940-2005) அதை எதிர்த்துத்தான் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். அப்பாவுவின் பணியை விரிவாக ஆராய்ந்து ஷெரினியன் 2014இல் நூல் வெளியிட்டார்.

கத்தோலிக்கரிடம் மாற்றம் ரோமிலிருந்து தொடங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணத்தின் 81ஆம் எண், அடக்கச் சடங்கு உயிர்ப்பின் நம்பிக்கையைத் தெளிவாகக் காட்ட வேண்டும், அந்தந்த நாட்டின் மரபோடும் பொருந்த வேண்டும் என்று வழிகாட்டியது. 1969இல் புதிய அடக்கச் சடங்கு முறை வந்தது. இறுதித் தீர்ப்பின் அச்சத்தைப் பாடிய பழைய இலத்தீன் பாடல் சாவுத் திருப்பலியிலிருந்து நீங்கியது. இன்றைய திண்டுக்கல் மறைமாவட்டம் 2003 நவம்பரில் உருவானது. துக்க மணி, பாடகர் குழு, கீபோர்டு, தமிழ்ப் பாடல் என்று அடக்கத் திருப்பலி நடக்கிறது. ‘அந்தந்த நாட்டின் மரபு’ என்று ஆவணம் சொன்னதற்குள் பறை வருமா என்ற கேள்வியை ஒவ்வொரு பங்கும் தனித்தனியே எதிர்கொள்கிறது. இங்கும் யார் வாசிப்பது என்பதே முதலில் எழும் கேள்வி.

திண்டுக்கல் நகரத்துப் பேகம்பூரில் முஸ்லிம்களின் விடை நேர்மாறானது. ஹைதர் அலி 1755இல் பௌஜ்தாராக வந்த ஊர் திண்டுக்கல். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால் அந்தப் பகுதி அப்பெயர் பெற்றது. ஜனாஸா எனும் இறுதிச் சடங்குக்கு வாத்தியம் கிடையாது. குனிதலும் சிரவணக்கமும் இல்லாமல் நின்றபடியே நான்கு தக்பீர்களோடு தொழுகை முடிகிறது. உடல் வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றிச் சுமந்து செல்பவர்கள் கலிமா சொல்கிறார்கள். தோள் கொடுப்பது வந்தவர் எல்லோருக்கும் பொதுவான கடமை. இசையை வேண்டாமென வைத்ததால், இசைக்கவென்று ஒரு கூட்டத்தைத் தனியே ஒதுக்கும் தேவையும் அந்தச் சடங்குக்கு எழவில்லை.

வண்டி வந்த பிறகு

நகரத்துக்குள் நிலைமை வேறு. சுடுகாடு தூரம், சாலை நெரிசல், மின்மயானத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும். தோளில் போன பாடை இறுதி ஊர்வல வண்டிக்கு மாறியதும், நடந்தபடி வாசிக்க வேண்டிய இசைக்கு நடக்கும் தூரம் இல்லாமல் போனது. கொட்டு தெருமுனையோடு நிற்கிறது. அதற்கப்பால் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி. ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்-ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய நிலையாமைப் பாட்டு அறுபது ஆண்டுகளாக இந்த வண்டிகளில் ஓடுகிறது. சைவ வீடுகளில் சிவபுராணப் பதிவு. வசதி இருந்தால் பேண்ட் செட். அண்மைக் காலமாகக் கேரளச் செண்டை.

செண்டையும் பேண்டும் ஏன் பறையின் இடத்துக்கு வந்தன என்பதற்கு ரசனை ஒரு பாதி விடைதான். சீருடை அணிந்து, தொகை பேசி, முன்பணம் வாங்கி வரும் குழுவிடம் ஊர் அதிகாரம் செல்லாது. கொட்டுக்காரரை ஒருமையில் அழைக்கும் அதே வாய் செண்டைக்காரரிடம் மரியாதையாகப் பேசுகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் சாவு ஊர்வலம் ஒப்பிடத் தக்கது. கல்லறைக்குப் போகும்போது மெதுவான துக்க இசை, உடலை அடக்கிவிட்டுத் திரும்பும்போது துள்ளல் இசை. அந்த இசைக்குழுக்களுக்குப் பணம் கொடுத்தவை அதே மக்கள் சந்தா சேர்த்து நடத்திய உதவிச் சங்கங்கள். இசைத்தவரும் இறந்தவரும் ஒரே சமூகத்தார் என்பதால் சாவுக்கு வாசிப்பது அங்கே தாழ்வாகக் கருதப்படவில்லை. ஜாஸ் உருவானதில் அந்த இசைக்கும் பங்கு உண்டு.

தேர்வு என்றால் என்ன

நினைவு நிகழ்ச்சியில்தான் இன்று தேர்வுக்கு அதிக இடம் இருக்கிறது. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ படத்திறப்புக்கு நாள் குறிக்க அவகாசம் உண்டு. திருவாசகம் ஓதலாம், இறந்தவர் விரும்பிய பழைய பாடல்களைப் பாடச் செய்யலாம், பறைக் குழுவை மேடைக் கலைஞர்களாகவே அழைக்கலாம். வீட்டுப் பெண்களில் பாடத் தெரிந்தவரை ஒலிவாங்கி இல்லாமல் பாடச் சொல்லலாம். அவரிடம் இருக்கும் மெட்டு அவரோடு போய்விடாமல் பேத்தி கேட்டுக்கொள்வாள்.

சாவு அன்றைக்குக் கொட்டு வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. ஊர்க்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதை விட்டு, குடும்பத்தவரே நேரில் பேசித் தொகையைச் சொல்லி, வர முடியுமா என்று கேட்கலாம். வந்தவருக்குப் பந்தலில் நாற்காலி, மற்றவர்களுக்குப் போட்ட அதே இலை, இருட்டுவதற்குள் முழுக் கூலி. சாராயத்தைக் கூலியின் பகுதியாக்கும் பழக்கத்தைக் கைவிடலாம். எந்த அடி எப்போது என்பதை அவரிடமே விடலாம், அது அவருடைய வித்தை. அவர் வர முடியாது என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு சங்கோடோ அமைதியோடோ தூக்கலாம். இறந்தவருக்கு அதனால் ஒரு குறையும் வராது.

பிள்ளைகளுக்கு விருப்பத்தை எழுதிவைக்க நினைக்கும் பெரியவர்கள் இப்போது நகரத்தில் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பாட்டு என்று எழுதுவதற்கு முன்னால், வாசிக்க வருபவரை எப்படி அழைக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவைத்தால், அந்தப் பாட்டைக் கேட்க வீட்டாருக்கும் வாசிக்க வந்தவருக்கும் கூச்சம் இருக்காது.